புரட்டாசி கழியட்டும் என்றார்கள்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகக் கூட்ட அரங்கில், அண்மையில் ஒரு பயிலரங்கம் நடந்தது. உள்நாட்டு மீனவர்களுக்கான காலநிலை மாற்ற இடர் மேலாண்மை என்று தலைப்பு. துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னையும் அழைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே 'அனுபவப் பகிர்வு' என்று போட்டிருந்தது. எனக்கு முன்னால் பேசியவர் தன் நேரத்தோடு என் நேரத்தையும் பகிர்ந்துகொண்டதால் நான் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் ஓர் இளம் ஆய்வாளர் வழிமறித்து, "சார், வெயில்ல மீன் செத்துச்சுன்னா மக்களை எப்படி சார் நம்ப வைக்கிறது?" என்று கேட்டார்.

அன்று பேசியவற்றில் உருப்படியானது அந்த ஒரு கேள்விதான். அதற்கு என்னிடம் உள்ள பதில் மேடைக்கு ஆகாது. அதனால் நம் ஓய்வூதியர் சங்க மலருக்கு எழுதுகிறேன். இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போலவே, எதையும் எவரையும் நம்பாமல் பணிக்காலத்தை முடித்தவர்கள். புரிந்துகொள்வார்கள்.

விலங்கியல் முதுகலை முடித்து, கடலோரத்தில் பயிற்சி பெற்று, கடலே இல்லாத மாவட்டத்துக்கு மீன்துறை ஆய்வாளராக வந்தேன். பயிற்சியில் விசைப்படகு பற்றிப் படித்தேன், அலை பற்றிப் படித்தேன், சுறாவின் பல்வரிசையைக்கூட வரைந்து காட்டினேன். திருவண்ணாமலையில் இறங்கியதும் அவை எல்லாம் பெட்டியிலேயே கிடந்தன. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு தேடியபோது வீட்டுக்காரர் கேட்டார்: "மீன் டிபார்ட்மெண்ட்டா? இங்க ஏது சார் கடல்?"

"ஏரி இருக்குதுங்களே."

"சரி. மீனை ஆபீஸ்லயே விட்டுட்டு வருவீங்களா, வூட்டுக்கும் எடுத்துட்டு வருவீங்களா?"

நான் சைவம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மீன்துறைக்காரன் சைவம் என்று சொன்னால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அப்படித்தான் அந்தக் காலத்தில் யாரும் போக விரும்பாத வேங்கிக்கால் பக்கம் குடிபோனேன்.

சந்தேகப்படுவதை ஒரு முறையாக எனக்குக் கற்பித்தவர் மரகதம் மேடம். என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் எனக்கு மேலதிகாரியாக வந்தவர், வேலூர்க்காரர், என்னைவிட வயதில் இளையவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தத் தகவலைக் கொண்டுபோனாலும் முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "வேற என்னவா இருக்கலாம்?" என்பார். அதற்கு ஒரு பதில் சொன்னால், "அதுவும் இல்லன்னா?" என்பார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னலைப் பார்க்காமல் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர்.

ஏரியில் மீன்குஞ்சு விடும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகள் வந்து இறங்கும். விதிப்படி, ஒரு பையைப் பிரித்துச் சிறு வடிகட்டியால் அள்ளி எண்ணி, மற்ற பைகளிலும் அதே அளவு இருப்பதாகக் கணக்கு வைக்க வேண்டும். குஞ்சு கொண்டுவந்தவர் எப்போதும் மேலே இருக்கும் ஒரு கொழுத்த பையை எடுத்து மரியாதையோடு நீட்டுவார். மேடம் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேனுக்குள் தலையை விட்டு, அடியில் நசுங்கிக் கிடக்கும் பையைத் தானே இழுத்து எடுப்பார். எண்ணி முடித்ததும் குஞ்சுக்காரர் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அதற்குப் பிறகும் பைகளை உடனே பிரிக்க விடமாட்டார். பைக்குள் இருக்கும் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பைகள் மிதக்க வேண்டும். வெயில் ஏறிய வருடங்களில் அது அதிக நேரம் பிடித்தது. எல்லாரும் முணுமுணுப்பார்கள். அவர் கரையில் நின்று பைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் பருவம் தப்பி, கொட்டித் தீர்த்த மழையில் ஓர் ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியாகப் பாய்ந்து, மீனவர்களின் வலைகளை அடித்துக்கொண்டு போனது. நிவாரணம் தர, சேதமடைந்த வலையை அலுவலர் நேரில் பார்வையிட வேண்டும் என்பது விதி. மேடமும் நானும் வீடு வீடாகப் போனோம். முதல் வீட்டில் ஒரு கிழிந்த வலை. இரண்டாம் வீட்டிலும் கிழிந்த வலை. அதில் ஓரத்தில் சிவப்புப் புடவைக் கிழிசலால் ஒரு முடிச்சு. மூன்றாம் வீட்டிலும் அதே சிவப்பு முடிச்சு. நாங்கள் தெரு வழியாக நடக்க, அந்த வலை கொல்லைப்புறம் வழியாக எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று பூரித்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "வேற என்னவா இருக்கலாம்?"

அவரே சொன்னார்: "வெள்ளத்துல போன வலை வீட்ல எப்படி சார் இருக்கும்? நிஜமா பறிகொடுத்தவன்கிட்ட காட்ட ஒண்ணும் இருக்காது. விதி காட்டச் சொல்லுது. அதனால ஊருக்கே ஒரு வலை."

பிறகு படகுத்துறையில், வலைகளைக் கட்டியிருந்து அறுந்து கிடந்த கயிறுகளைப் பார்வையிட்டு, அதை வைத்து அனுமதித்தார். பொய் சொல்பவனிடமும் உண்மை இருக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். உண்மை சொல்பவனைச் சந்தேகிக்கும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருந்தது.

இனி அந்த ஏரி. கீழ்பென்னாத்தூரைத் தாண்டிப் போக வேண்டும். பெயர் வேண்டாம், அந்த ஊரில் சம்பந்தப்பட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை அங்குள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. தலைவர் ஏழுமலை. அறுபது வயது, வெள்ளைச் சட்டை, யார் பேசினாலும் முடிவில் தான் பேச வேண்டும் என்ற கொள்கை.

கோயில் ஊருக்குப் பக்கத்தில் மீன் வளர்ப்பவர்களுக்குப் பஞ்சாங்கம்தான் சந்தை. புரட்டாசி பிறந்தால் மீன்கடையில் ஈகூட வராது. பாதி மாவட்டம் பெருமாளுக்காகக் கவிச்சியை விட்டுவிடும். ஐப்பசியில் தீபாவளி வரும், மீன் பறக்கும். கார்த்திகையில் தீபம், மாலை போட்டவர்கள், மறுபடி படுத்துவிடும். ஆகவே அந்தச் சங்கத்தின் வழக்கம் இது: ஆவணியில் மீனைத் தொடமாட்டார்கள். புரட்டாசி முழுவதும் ஏரியிலேயே கொழுக்க விட்டு, ஐப்பசியில் ஒரே மூச்சில் பிடிப்பார்கள். ஆடி, ஆவணியில் ஏரிக்குக் கொஞ்சம் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலத்தில் இது கெட்டிக்காரத்தனமான வழக்கம். மீனுக்குச் செலவில்லாத கிடங்கு ஏரி.

பிறகு மழை தன் பழைய பஞ்சாங்கத்தைத் தொலைத்தது. ஆவணி சித்திரை மாதிரி காய்ந்தது. தண்ணீர் கம்மி, மீன் ஜாஸ்தி. வழக்கம் மட்டும் மாறவில்லை.

நான் சொல்லும் வருடத்தின் ஆவணியில் சங்கக் கூட்டம். துறைப் பிரதிநிதியாக நான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குறைந்த நீர்நிலைகளில் மீன் இருப்பைக் குறைக்கவும் என்ற சுற்றறிக்கையைப் படித்தேன். சுற்றறிக்கை படிக்கும்போது ஒரு கூட்டத்தில் நிலவும் அமைதி உங்களுக்குத் தெரியும். அது முடிந்ததும் சேட்டு எழுந்தார்.

எங்கள் பக்கத்தில் சேட்டு என்பது சாதாரணமாக வைக்கும் பெயர். இந்த சேட்டு ஐம்பதை நெருங்கிய உறுப்பினர், நல்ல வலைக்காரர், ஏழுமலைக்கு மருமகன் முறை.

"மாமா, பாதி மீனையாவது இப்பவே பிடிச்சிடலாம். தண்ணி வத்திக்கினே போவுது."

ஏழுமலை சிரித்தார். "உம் பொண்ணு கல்யாணம் வருதுன்னு ஏரியில தண்ணி வத்துதா?"

கூட்டம் சிரித்தது. தலைவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. சேட்டுக்கு வானிலை பற்றி எந்த ஞானமும் கிடையாது. மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார், மீன் பிடித்தால்தான் நடக்கும், அவ்வளவுதான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வச்சிகினு இருங்க. எல்லாம் செத்து மெதக்கும். அப்ப தெரியும்."

"புரட்டாசி கழியட்டும்" என்று தலைவர் முடித்தார். தீர்மானம் நிறைவேறியது. கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது.

புரட்டாசி பாதியில் ஒரு நாள் முழுக்க மேகம் கவிந்து புழுங்கியது. சாயங்காலம் ஒரு சிறு மழை. ஊர் சந்தோஷமாகத் தூங்கியது. காலையில் எனக்கு ஏழுமலையிடமிருந்து போன் வந்தது.

"சார், ஏரியில வெசம் வச்சிட்டான் சார்."

"யாரு?"

"நீங்க வாங்க. இங்க எல்லாருக்கும் தெரியும்."

நான் போய்ச் சேர்ந்தபோது ஏரி வெள்ளையாக இருந்தது. கட்லாவும் ரோகுவும் வயிற்றை மேலே காட்டிக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. தீபாவளிக்குப் பறக்க வேண்டிய மீன்கள். கரை முழுக்கச் சனம். யாரும் அழவில்லை, எல்லாரும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதகுப் பக்கம் ஒரு பனைமரத்தடியில் சேட்டு குந்தியிருந்தார். அவரைச் சுற்றிச் சிலர் காவல் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு பூச்சிமருந்து பாட்டில், சாமி சிலையைச் சுற்றி வைப்பதுபோல் நாலு பக்கமும் செங்கல் வைத்துப் பாதுகாக்கப்பட்டிருந்தது. மதகோரம் கண்டெடுத்ததாம். அதன் படம் அதற்குள் கீழ்பென்னாத்தூர் முழுக்கப் போய்விட்டது. சேட்டின் சம்பந்தி வீடும் கீழ்பென்னாத்தூர்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் எனக்காகக் காத்திருந்தார். "சார், நீங்க விஷம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இவரை ஏத்திக்கிறேன். சங்கத்துலயும் பேர் நீக்கப் போறாங்களாம்."

ஆக என் ஒரு வார்த்தையில் ஒரு மனிதனின் ஏரி, பெயர், மகள் கல்யாணம் மூன்றும் இருந்தன. இவ்வளவு அதிகாரம் எனக்கு உண்டு என்று துறை எனக்குச் சொன்னதே இல்லை.

சேட்டைச் சந்தேகித்தேனா என்றால், முதலில் அவரைத்தான் சந்தேகித்தேன். சபையில் சொன்னது என் காதிலேயே விழுந்ததே. அடுத்து, கரையை ஒட்டி நிலக்கடலை போட்டு மருந்தடித்த விவசாயிகளை. அடுத்து, இவ்வளவு சீக்கிரம் பாட்டிலைக் கண்டெடுத்துவிட்ட ஏழுமலையை. வானத்தைக் கடைசியில்தான் சந்தேகித்தேன்.

"வாயைத் திறந்து சொல்றானா பாருங்க சார்" என்றார் ஏழுமலை. "செத்து மெதக்கும்னு சபையில சொன்னான். மெதக்குது. மழை பேஞ்ச மறுநாள் மீன் குளுந்து வெளையாடும். சாவுமா எங்கியாவது?"

சேட்டின் மனைவி மல்லிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "யோவ் பெரிப்பா, என் வூட்டுக்காரன் பீடி வாங்கணும்னாலே எங்கிட்டதான் கையேந்தணும். ஏரிக்கே வெசம் வாங்க எவ குடுத்தா இவனுக்கு?"

சிலர் சிரித்துவிட்டார்கள். சேட்டு தலை தூக்கவில்லை.

மீன் செத்துக் கிடக்கும் ஏரியில் செத்ததைப் பார்க்கக் கூடாது, உயிரோடு இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. பூச்சிமருந்து என்றால் பூச்சியைத்தான் முதலில் கொல்லும். கரையோரத் தண்ணீரில் நீர்ப்பூச்சிகள் வழக்கம்போல் சறுக்கிக்கொண்டிருந்தன. தலைப்பிரட்டைகள் வாலாட்டின. செத்தவை எல்லாம் பெரிய மீன்கள், பொடிமீன்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன. வலை போடச் சொன்னேன். ஒரு விரால் கொழுகொழு என்று உயிரோடு வந்து, வலை பிடித்தவர் முகத்தில் தண்ணீரடித்தது. விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும். கட்லாவால் முடியாது. அதாவது, தண்ணீரில் விஷம் இருந்ததைவிட, தண்ணீரில் காற்று இல்லாமல் போனதற்கே வாய்ப்பு அதிகம்.

பாட்டிலையும் பார்த்தேன். தலைகீழாக்கித் தட்டினால் உள்ளிருந்து மண்ணும், வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எறும்புகளும் வந்தன. எத்தனையோ காலமாகக் கிடந்த காலிப் பாட்டில். விஷம் காயாத பாட்டிலில் குடும்பம் நடத்தும் எறும்பை நான் கண்டதில்லை.

மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாட்சி எறும்பா?" என்றார்.

"விராலும் இருக்குதுங்க மேடம்."

"வேற என்னவா இருக்கலாம்?"

"ராத்திரி ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். நாளெல்லாம் மேகம், பாசி காத்து விடல. தண்ணி கம்மி, மீன் ஜாஸ்தி. மழை வேற அடியில இருந்த சேத்துத் தண்ணியைக் கெளப்பிவிட்டிருக்கும்."

"இருக்கும்னு சொன்னா ஒருத்தரை விட மாட்டாங்க சார். சூரியன் வர்றதுக்கு முன்னாடிதான் ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருக்கும். விடிகாலையில நான் வர்றேன். அதுவரைக்கும் நீங்க எதுவும் சொல்லாதீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் மறுநாள் காலை வரை பொறுக்க ஒப்புக்கொண்டார். சேட்டு வீட்டில் இருக்கலாம், தெருமுனையில் ஆள் இருக்கும் என்று ஏற்பாடு. மத்தியானமே சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து, உட்காராமல், தண்ணீர் குடிக்காமல், "இது என்னன்னு முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

விடிவதற்கு முன் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். மிதியடியைக் கழற்றிவிட்டுக் கரையில் நின்றார். ஊர் ஏற்கெனவே கூடியிருந்தது. சேட்டையும் கூட்டிவந்திருந்தார்கள். நான் கண்ணாடிக் குப்பிகளை எடுத்தேன். மேடம் தடுத்தார்.

"நீங்க தண்ணி எடுத்தா சேட்டு சொல்லிக் குடுத்தான்பாங்க. நான் எடுத்தா ஆபீஸ் செஞ்ச வேலைம்பாங்க. தலைவர் எடுக்கட்டும்."

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். குப்பியைச் சாய்த்துத் தண்ணீருக்குள் முக்கி, ஒரு குமிழிகூட உள்ளே போகாமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடியைப் போட வேண்டும். முதல் தடவை குமிழி போயிற்று. "மறுபடி" என்றார் மேடம். இரண்டாம் தடவையும் போயிற்று. "மறுபடி." தலைவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்து ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நிரம்பிய குப்பியில் இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, குழாயின் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டேன். மூடிக் குலுக்கி வைத்தேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லாவிட்டால் வெள்ளையாகப் படியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வெள்ளையாகப் படிந்தது.

"பால் திரிஞ்ச மாதிரி இருக்குது" என்றார் ஒருவர்.

"மருந்து அவங்களுது. எந்தக் கலர் வேணாலும் வரும்" என்றார் இன்னொருவர். நியாயமான சந்தேகம். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

மேடம் அவரைப் பார்த்து, "சரி, மருந்து வேணாம். ஊர்ல ரெண்டு பக்கெட் கொண்டு வாங்க. எங்களுது வேணாம்" என்றார்.

இரண்டு வாளிகளிலும் அதே ஏரித் தண்ணீர். கரையோரம் வாய் பிளந்து திணறிக்கொண்டிருந்த இரண்டு கட்லாக்களைப் பிடித்து வாளிக்கு ஒன்றாக விட்டார்கள். ஒரு வாளியைச் சும்மா விடச் சொன்னார். இன்னொன்றில் இருக்கும் தண்ணீரைச் சொம்பால் மொண்டு மொண்டு, டீ ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார்.

"யாரு ஊத்துறது?"

"நீங்கதான் தலைவரே. வேற யார் ஊத்தினாலும் நம்ப மாட்டீங்க."

ஏழுமலை ஊற்றினார். கை வலித்து நிறுத்தினார். மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. "நிறுத்தாதீங்க" என்றார் மேடம். மறுபடி ஊற்றினார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சும்மா இருந்த வாளியில் மீன் புரண்டு மல்லாந்தது. தலைவர் வாளியில் இருந்த மீன் மெல்ல நிமிர்ந்து, செவுளை அடித்து, ஒரு சுற்று வந்தது.

"ரெண்டும் ஒரே ஏரித் தண்ணி" என்றார் மேடம். "வெஷமா இருந்தா ரெண்டும் சாகணும். காத்து கலந்ததும் ஒண்ணு பொழைச்சிடுச்சு. இது மூச்சுத்திணறல்." எந்த விஷயத்திலும் முடிவு என்று ஒரு வார்த்தை சொல்லாதவர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "ஆய்வகத்துக்குத் தண்ணி அனுப்புறோம், அது வர்றப்ப வரட்டும். இவர் மேல ஒண்ணும் இல்ல. நான் சொல்றேன்" என்றார்.

ஏழுமலை சொம்பைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கியது. "அப்ப எங்க மீன் போனதுக்கு யாரைக் கேக்கறது மேடம்? வெயில் மேல கேஸ் போட முடியுமா?"

"வெயில் மேல எதுக்கு? இவ்வளவு தண்ணியில இவ்வளவு மீனைப் புரட்டாசி வரைக்கும் வச்சிருந்தது யாரு?"

ஏழுமலை மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். புரட்டாசி கழியட்டும் என்று முடித்தவர் அவர்தான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவர் விஷத்தை ஏன் அவ்வளவு விரும்பினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சேட்டு விஷம் வைக்கவில்லை என்றால் தலைவர் வைத்ததாக ஆகிவிடும்.

சப்-இன்ஸ்பெக்டர் போய்விட்டார். பெயர் நீக்கும் தீர்மானம் நின்றது. ஆனால் கூட்டம் கலையும்போது என் காதில் விழுந்த வாசகத்தையும் சொல்ல வேண்டும்: "மேடமும் வேலூரு, மல்லிகா அண்ணிக்கு அம்மா வூடும் வேலூரு."

சில நாள் கழித்து சேட்டு அலுவலகத்துக்கு வந்தார். சம்பந்தி வீட்டில் காட்ட எங்கள் அறிக்கையின் நகல் வேண்டும் என்றார். அப்படிக் கேட்டதும் தரும் வழக்கம் இல்லை. தகவல் கேட்டு மனுப் போட வேண்டும். அந்த மனுவை எப்படி எழுதுவது என்று நானே சொல்லி, அவர் எழுத, நானே வாங்கி முத்திரை போட்டு, நானே பரிசீலித்து, மேடத்தின் கையெழுத்தோடு நானே அவருக்கு வழங்கினேன். இதைவிடச் சீக்கிரமாக அரசு இயங்கி நான் பார்த்ததில்லை. தையில் கல்யாணம் நடந்தது.

அடுத்த ஆவணி. தண்ணீர் போன வருடத்தைவிடக் கம்மி. அதே சங்கக் கூட்டம். பாதி மீனை இப்போதே பிடிப்பது பற்றி நான் பேசினேன். இந்த முறை சுற்றறிக்கை இல்லாமல், படம் வரைந்து, பாசி, மேகம், ஆக்சிஜன் எல்லாம் விளக்கினேன். அதே அமைதி. ஏழுமலை தொண்டையைக் கனைத்து முடிக்கத் தயாரானார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் உறுப்பினர், "சேட்டு இன்னா சொல்றாரு?" என்று கேட்டார்.

எல்லாரும் திரும்பினார்கள். சேட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. எப்ப வேணாலும் பிடிங்க. உங்க இஷ்டம்."

அவ்வளவுதான் சொன்னார். சபையில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒருவர் இன்னொருவர் காதில் பேசினார். "மனசுல எதையோ வச்சிருக்கான்" என்பது எனக்கே கேட்டது. ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கு வம்பு? பாதி இப்பவே பிடிச்சிடலாம்" என்றார்.

ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஆக்சிஜன் சாதிக்காததை சேட்டின் அந்த 'உங்க இஷ்டம்' சாதித்தது. அந்த ஆவணியில் பாதி பிடித்தார்கள். புரட்டாசியில் மறுபடி மேகம் கவிந்து புழுங்கியது, மீன் சாகவில்லை. ஏரியில் திணறும் அளவுக்கு மீன் இல்லை. அதற்கும் அடுத்த வருடம் அதுவே வழக்கமாகிவிட்டது. பயிலரங்கத்தில் அந்தச் சங்கத்தை முன்மாதிரி என்று திரையில் காட்டினார்கள், சமூகப் பங்கேற்பு என்று கீழே எழுதியிருந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆவணியில், கடைசியாக ஒரு தடவை அந்த மீன்பிடிப்பைப் பார்க்கப் போனேன். கரையில் வேனில் மீன் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒன்றாகக் கூடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சேட்டு தனியாக, தன் வலையைக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் போனேன்.

"அந்த அறிக்கையைச் சம்பந்தி வீட்ல காட்டினீங்களே, ஊர்ல காட்டலியா?"

"இல்ல சார்."

"ஏன்?"

அவர் கரைப்பக்கம் பார்வையை ஓட்டினார். "நான் வெசம் வைக்கலன்னு இவங்க நம்பிட்டா, ஆவணியில எவன் சார் வலை எடுப்பான்? தீபாவளிக்கு வைப்போம்பாங்க. மறுபடியும் மொத்தமும் போவும். என் பங்கும் அதுலதானே இருக்குது."

"அதுக்காக ஊர் உங்களைச் சந்தேகப்பட்டுகிட்டே இருக்கணுமா?"

"பழகிடுச்சு சார். சண்டை சச்சரவு ஒண்ணும் இல்ல. நல்லாதான் பேசுறாங்க." வலையின் ஒரு சிக்கலை எடுத்தார். "எங்கையால யாரும் தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்ல. அது ஒண்ணுதான்."

வெயில் ஏறியிருந்தது. என் முகத்தைப் பார்த்தவர், மரத்தடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் துடைத்து, கொஞ்சம் தயங்கி என்னிடம் நீட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் எங்களைப் பார்ப்பது தெரிந்தது. நான் வாங்கி, அவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி தூக்கிக் குடிக்கப் போனேன்.

சேட்டு என் முழங்கையைத் தொட்டார்.

"அந்தப் பக்கம் திரும்பிக் குடிங்க சார்."